புகைப்புரையில் கேட்ட இருமல்

எப்சிபாய் நெஞ்சடைத்துச் செத்தாள். ஒரு பீடிகூடக் குடித்தவள் இல்லை.

நீர் கேட்டதற்குப் பதில் அதுதான். ஓடு வாங்க வந்தவர் ஓட்டைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். "நல்ல புரைதானே, எதுக்கு இடிக்கீரு?" என்று கேட்டால் நான் எங்கேயிருந்து தொடங்க?

இரும். அந்த மரக்குற்றியில் வேண்டாம், அது என் இடம். இந்தக் கல்லில் இரும். பீடியை உள்ளே வையும். இந்த முற்றத்தில் வேண்டாம்.

எப்சிபாய் என் மனைவி. நீர் தோவாளைக்காரர், பூவும் நெல்லும் பார்த்து வளர்ந்தவர். மலைப்பக்கத்து ரப்பர் சங்கதி உமக்குத் தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் மரம் வெட்டப் போவோம். வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை. பட்டையைச் சீவிச் சால் போட்டு, கீழே சிரட்டை வைத்துப் பால் பிடிப்பது. அந்தப் பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்தால் ஷீட். ஈரத் துணி மாதிரி வெள்ளையாக இருக்கும். அது காய வேண்டும். இங்கே வெயில் எங்கே இருக்கிறது? சாரல் பிடித்தால் விடாது. காயாத ஷீட்டில் பூசணம் பூக்கும். அதற்குத்தான் இந்தப் புகைப்புரை, புகை போடுகிற கொட்டகை. உள்ளே கம்பு கட்டி ஷீட்டைத் தொங்கவிட வேண்டும். நடுவில் குழி. குழியில் தேங்காய் உரித்த கதம்பலும் பச்சை விறகும் போட்டால் தீ எரியாது, புகையும். புகை ஏற ஏற ஈரம் போகும், தேன் நிறம் பிடிக்கும்.

என் ஷீட் தேன் நிறம். வியாபாரி மற்றவன் ஷீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டான். என்னுடையதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஞானாபரணத்துக்க ஷீட்டுல ஒரு புள்ளி காட்டுங்கலே பாப்போம்" என்பான். ஒருவனும் காட்டியதில்லை.

சும்மா வந்ததில்லை அந்த நிறம். ஊரில் எல்லாரும் புரையைத் தோட்டத்து மூலையில் கட்டினார்கள். நான் அடுக்களையோடு ஒட்டிக் கட்டினேன். நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது, பாதியில் நிற்கும். அடுப்புப் புகையும் மேலே ஏறி இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரு விறகில் இரண்டு வேலை. யாருக்கும் தோன்றாத யோசனை. கொத்தன் புரைக்கு மேலே புகை போக ஒரு வாய் விட்டிருந்தான். நான் அதில் சாக்கைத் திணித்துச் சேற்றால் பூசினேன். புகை வெளியே போய்விட்டால் ஷீட்டுக்கு என்ன மிஞ்சும்? கதவு இந்தப் பக்கம், இதோ இந்த மரக்குற்றிக்கு நேரே. உள்ளே போனால் உடனே சாத்திக்கொள்ள வேண்டும். அது இந்த வீட்டுச் சட்டம்.

உள்ளே போனது யார் என்றா? நல்ல கேள்வி. நான் மரம் வெட்டுகிறவன். புரை பெண்பிள்ளைகள் வேலை.

எப்சி ஒரு தரம் கேட்டாள். "இஞ்ச பாருங்க, மேல அந்தச் சாக்க மட்டும் எடுத்துப் போட்டா என்னா? கண்ணுதான் போகுதுன்னா நெஞ்சுமில்லா போகுது."

"சாக்க எடுத்தா நிறம் போவும்."

"உங்களுக்கு நிறம்."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை போடுகிறவள் இல்லை. புகை நடுச்சுவரைத் தாண்டி அடுக்களையில் இறங்கியது. அடுக்களை கறுத்தது. அடுக்களை கறுக்காத வீடு எது, சொல்லும்.

அப்புறம் இருமல். இரண்டு குட்டை, ஒரு நீளம். முடிகிற இடத்தில் "ஏசுவே" என்பாள். நான் தோட்டத்தில் மேல்தட்டில் நிற்கும்போது கீழே அது கேட்கும். கேட்டால் புரையில் புகை சரியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

பொறும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். வயது. மழைக்காற்று வேறே.

பிறகு அவளால் மேடு ஏற முடியவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் நின்று நின்று போவாள். இடது கை கடுக்கிறது என்றாள். தைலம் தேய்த்தேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பெண். குழலை வைத்துப் பார்த்தாள், படம் எடுக்கச் சொன்னாள், படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இவங்க பீடி, சுருட்டு ஏதாவது பிடிப்பாங்களா?"

நான் எழுந்துவிட்டேன்.

"டாக்டரே, இவ சபையில பாட்டுப் படிக்கப்பட்டவ. எனக்க பெண்டாட்டியப் பாத்துக் கேக்கக்கூடிய கேள்வியா இது?"

எப்சி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குக் காது சூடாகும்.

டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினாள். நான் ஷீட் பார்க்கிற பழக்கத்தில் பார்த்தேன். புகை படிந்த மாதிரி மங்கல். நடுவில் நெஞ்சுக் குலை, இருக்க வேண்டியதற்கு மேலே பருத்துக் கிடந்தது. வியாபாரி இதைக் கையால் தொட மாட்டான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், என்ன செய்ய?

டாக்டர் சொன்னாள்: "புகையில கண்ணுக்குத் தெரியாத கரித்தூள் இருக்கு. மூச்சுல போயி நுரையீரல்ல படியும். அங்கயே நிக்காது. ரத்தத்துல இறங்கும். ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் புண்ணாகும், தடிக்கும், வழி குறுகும். குறுகின வழியில ரத்தத்தத் தள்ளணும்னா இதயம் எவ்வளவு பாடுபடணும்? பீடிப் புகையா அடுப்புப் புகையான்னு நெஞ்சுக்குத் தெரியாது." பிறகு என் கையைப் பார்த்தாள். ரப்பர்க்காரன் கை தெரியும் போல. "சால்ல பால் காஞ்சு ஒட்டியிருக்குமில்ல, அத உரிக்காம விட்டா மறுநாள் பால் ஒழுங்கா இறங்குமா?"

"இறங்காது. வெளிய வழியும்."

"அதேதான்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. ரப்பரைப் பற்றி அவள் சொன்னது முழுவதும் சரி.

புகைக்கிட்டே போகக் கூடாது என்றாள். மாத்திரை கொடுத்தாள். நான் அலட்சியமாக விட்டேன் என்று நினைக்காதீர். வீட்டுக்கு வந்ததும் நானே துண்டை நனைத்துக் கொடுத்தேன். "இத மூக்குல கெட்டிக்கிட்டுப் புரைக்குள்ள போ" என்றேன். கட்டிக்கொண்டு போனாள். எந்த ஆண்பிள்ளை இந்த ஊரில் பெண்டாட்டிக்குத் துண்டு நனைத்துக் கொடுத்திருக்கிறான்?

ஆடியில் செத்தாள். அன்றைக்குப் பலத்த மழை. மரத்தில் இருக்கிற சிரட்டையில் தண்ணீர் விழாமல் கவிழ்த்து வைக்கப் போயிருந்தேன். இருமல் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். வந்து கதவைத் திறந்தால், குழிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து இருக்கிறாள். மூக்கில் துண்டு. கையில் ஒரு கதம்பல்.

தீ அணையவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிடித்த நிறம் பிறகு ஒரு ஷீட்டிலும் பிடிக்கவில்லை.

இதோடு கதை முடிந்தது என்று ஓட்டைப் பார்க்கிறீர். முடியவில்லை.

மகன் வின்ஸ் பஹ்ரைனில் இருக்கிறான். தாய் அடக்கத்துக்கு வந்தவன், போகும்போது பெண்டாட்டியை இங்கே விட்டுவிட்டுப் போனான். பெல்சி. கருங்கல் பக்கத்துப் பெண். சத்தம் போட்டுப் பேச மாட்டாள். கிழவன் தனியாகக் கிடக்கக் கூடாது என்று விட்டுப் போனான். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை.

புரைக்குப் போ என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே போனாள். மாமி செய்த வேலை, வேறே யார் செய்ய? ஒரு நாள் மட்டும் கேட்டாள், "மாமா, மேல கொஞ்சம் ஓட்டை விட்டா என்னா?"

"மாமியும் இதத்தான் கேட்டா" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. புத்திசாலி.

அந்த ஐப்பசி மழையில்தான் அது தொடங்கியது. விளக்கு வைக்கிற நேரம். தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறேன். புரைக்குள் இருமல். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

கையில் இருந்த கத்தியை அப்படியே கீழே வைத்தேன். அடுக்களையில் விளக்கு எரிகிறது, பெல்சி அங்கே இருப்பாள். முற்றத்தில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே எப்சி இருமுகிறாள்.

சிரிக்கிறீரா? சிரியும். இத்தனை வருசம் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? அதே இருமல். "ஏசுவே" மட்டும் வரவில்லை. செத்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். சபை உபதேசியாரிடம் சொன்னேன். வேதப் புத்தகத்தோடு வந்தார். புரைக்குள் நின்று ஜெபம் தொடங்கினார், பாதியில் கண்ணில் நீர் கொட்ட வெளியே ஓடி வந்தார். "ஓய், இதுக்குள்ள பேயி நிக்குமா? பேய்க்கும் மூச்சு முட்டுமில்லா வேய்!" என்று சொல்லி, பெல்சி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கு விசுவாசம் குறைவு.

எனக்குப் பயம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். மேல்தட்டில் வேலை இருந்தாலும் பாதியில் விட்டு இறங்கினேன். இந்த மரக்குற்றியைக் கதவுக்கு முன்னால் உருட்டிப் போட்டது அப்போதுதான். இருந்து பேசுவேன்.

"எப்சி, இந்த மழைக்குப் பால் கெட்டியில்லாம வெள்ளமாட்டு இருக்கு."

"எப்சி, வின்ஸ் போன் பண்ணினான். உனக்க சேலையெல்லாம் பெட்டியிலதான் இருக்குன்னு சொன்னேன்."

நான் பேசத் தொடங்கினால் இருமல் அடங்கும். கேட்கிறாள் என்று அர்த்தம். உயிரோடு இருந்தபோது இவ்வளவு கேட்டாளா, நான் இவ்வளவு பேசினேனா, தெரியாது. சில நாள் இருட்டி வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருப்பேன். இடையில் ஒன்று அடக்க முடியாமல் வெடிக்கும். மறுபடியும் அடங்கும்.

திறந்து பார்த்தீரா என்கிறீர்.

திறந்தால் புகை போய்விடும்.

அப்படிப் பார்க்காதீர். வேறே ஒரு காரணமும் உண்டு. திறந்தால் உள்ளே அவள் இருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். நான் என்ன பைத்தியமா?

பெல்சி மெலிந்தாள். வயிறு இருந்தும் பெரிதாகத் தெரியவில்லை. உதடு ஒரு மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். என் முன்னால் அவள் இருமி நான் கண்டதில்லை. மரியாதை தெரிந்த பெண். வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

பொறும். ஆ. ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம்.

ஏழாம் மாதம் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைக்க வருகிற முறை உண்டு. பெல்சியின் தாய் வந்தாள். மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவள். லாரிக்காரனை ஏசுகிற தொண்டை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சருவம் நிறைய, தலையில் ஒரு செந்துளுவன் வாழைக்குலை. அவள் பெயரை நான் இந்த வீட்டில் சொல்வதில்லை. வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரம். நான் இதே இடத்தில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

"யாருகிட்ட அண்ணே பேசுகீரு?"

"எப்சிகிட்ட."

குலையை இறக்கி வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"கேட்டியா?" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"இது எப்சி மயினியா?"

"பின்ன?"

"எடே மனுசா" என்றாள். சம்மந்தக்காரனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? "இது எனக்க மவ. பெத்தவளுக்குத் தெரியாதா?"

என்னைத் தள்ளினாள். மரக்குற்றியோடு தள்ளினாள். கதவை இழுத்தாள். புகை முகத்தில் அடித்தது. உள்ளே குழிக்குப் பக்கத்தில், எப்சி இருந்த அதே இடத்தில், பெல்சி. சேலை முந்தியை உருட்டி வாய்க்குள் திணித்திருக்கிறாள்.

தாய் அவளை இழுத்து வெளியே பலாமரத்து மூட்டில் போட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். பெல்சிக்குப் பேச்சு வர நேரம் பிடித்தது. வந்ததும் தாய் கேட்டாள், "புகைக்குள்ள என்ன பிள்ளே பண்ணின? வேல முடிஞ்சா வெளிய வரப்பிடாதா?"

"எப்பிடிம்மா வருவேன்?" என்றாள் பெல்சி. "மாமா கதவுக்க முன்ன இருந்து மாமிகிட்ட பேசிட்டு இருக்காரு. நான் வெளிய வந்தா... அவருக்கு யாரு இருக்கா?"

அதை என் முன்னால் சொன்னாள். அவள் பாட்டுக்குச் சொன்னாள், குற்றமாகச் சொல்லவில்லை. தினமும் நான் எழுந்து போகிற வரைக்கும் உள்ளேயே இருந்திருக்கிறாள். நான் பேசப் பேச வாயைப் பொத்திக்கொண்டு. எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால்தானே தெரியும்?

தாய்க்காரி விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த கம்பிப்பாரையை எடுத்தாள். கல்லில் ஏறி நின்று, சேற்றால் பூசின அந்த வாயில் குத்தினாள்.

"ஷீட்டு கெட்டுப் போவும்" என்றேன்.

"ஷீட்டா?" என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. சேறு உதிர்ந்தது. சாக்கு கரியாக இறங்கியது. புகை மேலே போயிற்று. ரப்பர் மரத்துக்கு மேலே, தூண் மாதிரி. எவ்வளவு புகை! இவ்வளவும் இதற்குள்ளேயா இருந்தது என்று நானே பார்த்துக்கொண்டு நின்றேன். குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து குழியில் ஊற்றினாள். சீறி அடங்கியது. எப்சி மூட்டின காலத்திலிருந்து கனல் மாறாத குழி.

மறுநாள் ஆஸ்பத்திரி. அதே சின்ன டாக்டர். இந்தத் தரம் பீடி குடிப்பாளா என்று கேட்கவில்லை. "வீட்ல யார் புகை போடுறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மழை" என்றேன்.

பெல்சியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். எண் குறைவாக இருக்கிறது என்றாள். வயிற்றைத் தொட்டு அளந்தாள். "இந்தக் கிளிப்புல தெரியாத ஒரு வாயுவும் புகையில இருக்கு. ரத்தத்துல நல்ல காத்து ஏற வேண்டிய இடத்துல அது ஏறி உக்காந்துக்கும். தாய்க்கும் குறையும், பிள்ளைக்கும் குறையும். அதனாலதான் பிள்ளை சின்னதா இருக்கு. இப்ப வந்துட்டீங்க, நெஞ்சு தேறிடும்." பிறகு வயிற்றில் ஒரு கருவியை வைத்தாள். சத்தம் கேட்டது. கவிழ்த்த சிரட்டையில் மழைச்சொட்டு விழுகிற மாதிரி, ஓட்டமாக. நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு அங்கே மூச்சு முட்டியது.

தாய்க்காரி பெண்ணை அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது சொன்னாள்: "இந்தப் புரை நிக்கிற வரைக்கும் எனக்க மவளும் பிள்ளையும் இந்த முற்றம் மிதிக்காது."

நல்லதாகப் போயிற்று, எனக்கு அமைதி என்று இருந்தேன். விளக்கு வைக்கிற நேரம் மரக்குற்றியில் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "எப்சி" என்றேன். ஒன்றுமில்லை. அந்த வாய் வழியாக வானம் தெரிந்தது. என் கோபம் என்ன என்றால், அவள் தன் மகளைக் கொண்டுபோகட்டும். இருமலை ஏன் கொண்டுபோனாள்?

ஒரு நாள் புதுச் சாக்கு எடுத்து அந்த வாயை அடைத்தேன். குழியில் கதம்பல் போட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். எப்சி இருந்த இடத்தில். அவள் வருவாள் என்று இருந்தேன்.

வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

என் நெஞ்சிலிருந்து வந்தது.

மறுபடியும் வந்தது. கை கடுத்தது. இடது கை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்தக் கண்ணிருட்டில் ஒன்று மட்டும் தெரிந்தது: இதற்குள்ளே இருந்துகொண்டு வெளியே பேசுகிறவன் பேச்சு முடியட்டும் என்று காத்திருப்பது லேசு இல்லை. தவழ்ந்து வெளியே வந்து விழுந்தேன். "ஏசுவே" என்றேன்.

விடும். வயதுக்கு அப்படி வரும்.

பிள்ளை பிறந்தது. பெண். எடை குறைவு, ஆனால் தொண்டை நல்ல தொண்டையாம். மாமோதிசாவுக்கு, ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரிடுகிற நாளுக்கு, என்னைக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. வின்ஸ் போனில் பெயரைச் சொன்னான். இரண்டாம் தரம் சொல்லச் சொன்னேன். கைபேசியைப் பெல்சி வாங்கிப் பிள்ளை வாய்க்கிட்டே வைத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. சும்மா மூச்சு. இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை. வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நாளைக்கு வருகிறார்கள். அதனால் ஓட்டை இன்றைக்கே இறக்கும். கம்பையும் கழற்றும். கதவு எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போம். கையெல்லாம் கரியாகும். முதலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும், தூசி பறக்காமல். மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்காதீர், அது போதாது. நாளைக்கு இந்த முற்றத்தில் ஒரு பொட்டுக் கரி இருக்கக் கூடாது. எப்சிபாய் வருகிறாள்.

ஆமாம். பிள்ளைக்கு அந்தப் பெயர்தான். பஹ்ரைன்காரன் வேறே ஏதோ புதுப் பெயர் வைக்கச் சொன்னானாம். பெல்சிக்கும் வாய் திறக்கத் தைரியம் இல்லை. உபதேசியாருக்குத் தோன்றவே இல்லை. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நின்று, "அந்த மனுசனுக்கு யாரு இருக்கா, எப்சிபாய்ன்னு போடும் ஓய்" என்று அடம்பிடித்தது, இந்த வீட்டில் நான் பெயர் சொல்லாத அந்த ஒருத்திதான்.

சொர்ணபாய்.